பகல் தண்ணி

இன்னிக்கி அவன் பேண்டே ஆகணும். அஞ்சு நாளாச்சு. அஞ்சு நாளா மண்தட்டுல போய் உட்காருறான், முதுகைக் கூனுறான், கண்ணு ரெண்டும் பிதுங்குது, அடிவயித்துலேருந்து ஒரு சத்தம் போடுறான், கடைசியில ஒண்ணும் வராம எறங்கிப் போயி பீரோவுக்கு அடியில படுத்துக்கிட்டு மறுபடியும் வயித்தை நக்க ஆரம்பிச்சிடுறான். நக்கி நக்கி அடிவயிறு பூரா உரிச்ச கோழியாட்டம் கிடக்கு. அந்த முடியெல்லாம் எங்க போகும், அவன் வயித்துக்குள்ளதான் போகும், போயி மலத்தோட முறுக்கிக்கிட்டுக் கல்லாக் கிடக்கு. மனுசனுக்கு அஞ்சு நாள் வரலைன்னா கஷாயம் வச்சுக் குடிப்பான், வீட்ல இருக்கிறவங்களைத் திட்டுவான், பெறகு போவான். இது பூனை, அதுவும் சுகர் பூனை. இன்னிக்கும் வரலைன்னா அறுத்துத்தான் எடுக்கணும், அறுத்தா சுகருக்குப் புண்ணு ஆறாது, பொழைக்கிறது கஷ்டம்னு டாக்டரம்மா நேத்து போன்ல சொல்லிட்டா. மூணு மணிக்கு எனிமா. மச்சான், என் வீட்டுக்காரர், கடையைச் சாத்திட்டு வந்து அவனைப் பிடிச்சுக்குவார், நான் குடுக்கணும், டாக்டரம்மா போன்லயே இருந்து சொல்லித் தருவா. இப்ப மணி ரெண்டு இருபது. எல்லாம் எடுத்து வச்சாச்சு. ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சு, எண்ணெய் பாட்டில், பழைய துண்டு, பிளாஸ்க்குல வெந்நீர். பிளாஸ்க்கைத் திறந்து சூடு பாக்கையில ஆவி மூஞ்சியில அடிச்சுது, அந்த ஆவியவே நக்கலாமான்னு ஆயிருச்சு எனக்கு. பத்தொம்பதாவது நோன்பு. பங்குனி வெயில் திண்டுக்கல்ல மொட்டை மாடியைப் பொளந்து நேரா என் மண்டையில எறங்குது. எல்லாம் தயாரா இருக்கு, ஒண்ணைத் தவிர. டாக்டரம்மா நேத்து ஒரு கேள்வி கேட்டா. "தண்ணி நல்லா குடிக்குதாம்மா? உடம்பு வறண்டு கிடந்தா வீட்ல எனிமா குடுக்கவே கூடாது, சுகர் பூனை தாங்காது, மயங்கி அப்படியே போயிரும். அப்படின்னா மொதல்ல இங்க கொண்டுவந்து டிரிப்ஸ் ஏத்தணும். நல்லா குடிக்குதுன்னா வீட்லயே குடுங்க." போன் ஸ்பீக்கர்ல கிடந்துச்சு, மச்சான் பக்கத்துல உட்காந்திருந்தார். குடிக்குது டாக்டர்னு சொல்லிட்டேன். மச்சானும் சேந்துக்கிட்டு, "குடம் குடமா குடிக்குதும்மா"ன்னார். அவர் சொன்னது பொய்யில்ல, அவர் கண்ணால பாத்ததைச் சொன்னார். நான் சொன்னதுதான் பொய்.

இவனை மச்சான் ஒரு சோபாவுக்குள்ளேருந்து எடுத்தார். பத்து வருஷம் இருக்கும். யாரோ ஒரு வக்கீல் வீட்டு சோபா, உறை மாத்தக் கடைக்கு வந்துச்சு. மச்சானுக்கு அதுதான் தொழில், சோபா, வண்டி சீட்டு, மெத்தை. பழைய துணியைக் கிழிச்சுட்டு உள்ள கையை விட்டா பஞ்சுக்கு நடுவுல வெதுவெதுன்னு என்னமோ நெளியுதாம், எலின்னு கையை உதறியிருக்கார். மூணு குட்டி. ரெண்டு செத்துருச்சு, இவன் ஒருத்தன் கண்ணு கூடத் தெறக்காம கத்திக்கிட்டுக் கிடந்தான். சட்டைப் பையில போட்டு எடுத்துட்டு வந்துட்டார் மனுசன். எனக்குப் பூனையே பிடிக்காது. பன்னெண்டு வருஷமா ஒரு பிள்ளை தங்கல, பூனை ஒண்ணுதான் கொறச்சலான்னு அன்னிக்கி நான் வாசல்லயே வச்சுக் கத்துன கத்துக்கு வேற ஆளா இருந்தா குட்டியைத் தூக்கி என் மூஞ்சியில எறிஞ்சிருப்பான். இவர் சிரிச்சுட்டு, "இருக்கட்டும் சபுரா, பால் ஒரு சொட்டு குடு"ன்னார். இப்படியே பேசுவார் மச்சான். இருபத்திரண்டு வருஷமா இப்படியேதான். எனக்குச் சபுரான்னு பேர் வச்சவங்க, பொறுமைன்னு அர்த்தம்னு நெனச்சு வச்சாங்க, அந்தப் பொறுமை பூரா வழி தவறி இவர்கிட்டப் போயிருச்சு. குட்டி வளந்தான், தின்னான், சோபா மேல காலை நீட்டிப் படுத்தான், எழுப்புனா ஒரு கண்ணை மட்டும் தெறந்து யாருடீ நீன்னு கேக்குற மாதிரி பாத்தான், ஜமீன்னு பேர் வச்சார். போன வருஷம் ஜமீனுக்குச் சுகர்னு சொன்னாங்க. எனக்கும் சுகர், பூனைக்கும் சுகர், தெருவே சிரிச்சுது. எனக்கு மாத்திரை, அவனுக்கு ஊசி. மச்சான்தான் போடுவார், கழுத்துத் தோலை ரெண்டு வெரலால தூக்கி, அந்தச் சின்ன ஊசியை அவனுக்கே தெரியாம ஏத்தி எடுத்துருவார், சீட்டுத் தைக்கிற கை. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, ரெண்டும் சாப்பாட்டோட. நோன்பு வந்ததும் அதை அப்படியே விடியக்காலச் சஹருக்கும் நோன்பு திறக்குறதுக்குமா மாத்திக்கிட்டார், நாங்க சாப்பிடுற நேரம் அவனுக்கும் சாப்பாடு, அவனுக்கும் ஊசி. பன்னெண்டு மணி நேரக் கணக்கு ஏறக்குறைய சரியா வருதுன்னு டாக்டரம்மாவும் சரின்னுட்டா. சாயங்காலம் பாங்கு சொன்னதும் நான் தண்ணி வைக்கிறேன், ஜமீன் மூஞ்சியை உள்ள விட்டுக் குடிக்க ஆரம்பிக்கிறான். தலையைத் தூக்கவே மாட்டான். மச்சான் பேரீச்சம்பழத்தை வாயில போட்டுக்கிட்டே அதைப் பாத்து ரசிப்பார். "பாத்தியா, நம்மளோட சேந்து நோன்பு திறக்கிறான்." பள்ளிவாசல்ல போய் எல்லார்கிட்டயும் இதைச் சொல்லியிருக்கார். எங்க ஜமீனும் நோன்பு வைக்கிறான், பாங்கு சொல்ற வரைக்கும் சொட்டுத் தண்ணி தொட மாட்டான்னு. தொழ வைக்கிற ஹஜ்ரத்து சிரிச்சாராம், சின்னப் புள்ளைங்க வந்து ஜன்னல்ல எட்டிப் பாத்து, நோன்புப் பூனை நோன்புப் பூனைன்னு கத்திட்டு ஓடுதுங்க. நான் அந்த நேரத்துல கஞ்சியைக் கரண்டி கரண்டியா அள்ளி வாயில ஊத்திக்கிட்டு இருக்கேன்.

தொட மாட்டானாம். எப்படித் தொடுவான், நான் வச்சாத்தானே. மூணாம் நோன்பு அன்னிக்கி நடந்துச்சு அது. பெருநாள் ஆர்டர், நாப்பது நைட்டி தைக்கணும், மெஷின்ல உட்காந்திருக்கேன். ஒன்றரை மணி இருக்கும். நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு, பிச்சுத்தான் எடுக்கணும். சுகர்க்காரிக்குத் தாகம்னா அது சாதாரணத் தாகம் இல்ல, உள்ளேருந்து யாரோ அடுப்பு ஊதுற மாதிரி. அப்ப மெஷினுக்குப் பக்கத்துல, என் கால் கட்டைவெரலுக்கு ஒரு சாண் தள்ளி, ஜமீன் தண்ணி குடிச்சான். சளப், சளப், சளப். சுகர் பூனை ஒரு தரம் குடிச்சுட்டுப் போகாது, குடிக்கும், நிமிரும், மூக்கை நக்கும், மறுபடி குடிக்கும். சளப், சளப். ஊசி துணியில போற சத்தம் நின்னு போச்சு, தெருச் சத்தம் நின்னு போச்சு, உலகத்துல அந்தச் சத்தம் ஒண்ணுதான். அவன் கழுத்தைத் திருகிப் போட்டுரலாமான்னு வந்துச்சு, நெஜமாவே வந்துச்சு, அந்தச் சின்ன எலும்பு என் கைக்குள்ள நொறுங்குறது கூடத் தெரிஞ்சுது. அப்படியே குனிஞ்சு கிண்ணத்தை எடுத்தேன், எடுத்து செவுத்துல அடிச்சேன். தண்ணி பூரா அவன் மேலயும் நைட்டித் துணி மேலயும் தெறிச்சுது, கிண்ணம் நெளிஞ்சு உருண்டு போச்சு, அவன் பீரோவுக்கு அடியில ஓடுனான். அரை மணி நேரம் ஒரு சத்தம் இல்ல. எனக்கு அவ்வளவு நிம்மதியா இருந்துச்சு, அதை நான் மறைக்க மாட்டேன். கிண்ணத்தைப் பரண் மேல போட்டேன், பாத்ரூம் கதவைச் சாத்தினேன், சமையக்கட்டுக் குழாயைத் துணி வச்சு இறுக்கினேன். சாயங்காலம் பாங்குக்குக் கால் மணி இருக்கையில எடுத்து வச்சேன். மச்சான் வந்தார், பாத்தார், ரசிச்சார். மறுநாளும் மச்சான் கடைக்குப் போனதும் பரண்ல ஏறுச்சு. மறுநாளும். ஒரு நாளைக்கித்தான்னு நெனச்சேன், ஒவ்வொரு நாளும் அந்த ஒரு நாளைக்கித்தான்னு நெனச்சேன். மாடியில வெளிய வச்சுப் பாத்தேன் ஒருநாள், வெயில்ல தண்ணி கொதிச்சுப் போச்சு, நாக்கைச் சுட்டுக்கிட்டு உள்ள வந்து கத்துனான். கத்துற சத்தத்தை விட நக்குற சத்தம் மோசம். தண்ணி இல்லாம போன நாலாவது நாளு அவன் தன்னைத்தானே நக்க ஆரம்பிச்சான். வயித்தை, தொடையை, பெறகு வயித்தை. சரக் சரக்குன்னு அந்த முள்ளு நாக்கு. அதுக்கும் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு, துணி அளக்குற மரஸ்கேலை எடுத்து முதுகுல ஒண்ணு போட்டேன். ரெண்டு போட்டேன். பீரோவுக்கு அடியிலேருந்து நக்குனான்.

நைட்டி வெட்டுல மிஞ்சுன பூப்போட்ட துணியில நான் அவனுக்கு ஒரு சட்டை கூடத் தச்சேன், வயித்தை மூடுற மாதிரி, முதுகுல நாடா வச்சு. ஏழாம் நோன்புல டாக்டரம்மாகிட்டக் கூட்டிப் போகையில அதைத்தான் போட்டிருந்தான். டாக்டரம்மா, தேன்மொழின்னு பேரு, சின்னப் பொண்ணு, சட்டையைத் தொட்டுப் பாத்து, "எவ்வளவு அழகாத் தச்சிருக்கீங்க, இப்படிப் பாத்துக்கிறவங்க கிடைக்கணும்"னா. மச்சானுக்குப் பெருமை தாங்கல. பெறகு அவ கேட்டா, "மனசுல பயமோ தொந்தரவோ இருந்தா இப்படித்தான் நக்கித் தள்ளும். வீட்ல ஏதாவது மாறியிருக்கா? புது ஆள், எடம் மாத்துனது, சத்தம்?" மச்சான், "நோன்பு மாசம்மா, வேற ஒண்ணும் இல்ல"ன்னார். நான் அவ மேஜை மேல இருந்த தண்ணி பாட்டிலையே பாத்துக்கிட்டு நின்னேன். அப்ப சொல்லியிருக்கலாம். அஞ்சு நாள் தண்ணிதான் போயிருந்துச்சு, சொல்லியிருந்தா அதோட முடிஞ்சு போயிருக்கும். சட்டையைப் பாராட்டாம இருந்திருந்தா சொல்லியிருப்பேன், அந்தப் பாராட்டுதான் என் வாயை அடைச்சுது, எவ்வளவு நாளாச்சு, நீ நல்லாப் பாத்துக்கிறேன்னு என்கிட்ட ஒருத்தர் சொல்லி. சட்டையை அவன் ரெண்டே நாள்ல பல்லால கிழிச்சுப் போட்டான். சின்னதுல ஓதப் போன எடத்துல உஸ்தாதம்மா சொல்லுவாங்க, பூனையைக் கட்டிப் போட்டு, தின்னவும் விடாம குடிக்கவும் விடாமக் கொன்ன ஒருத்தி, அதுக்காகவே நரகத்துக்குப் போனாள்னு. அவ பேரு என்னன்னு நான் கேட்டேன், பேரு தெரியாதுடீன்னாங்க. எனக்கு அது அப்பவே உறுத்துச்சு. பேரு இல்லாதவ, நரகம் மட்டும் இருக்கு. ஆனா அவ கட்டிப் போட்டா, நான் கட்டிப் போடல. அவ குடுக்கவே இல்ல, நான் ராத்திரி பூரா வைக்கிறேன். பகல்ல மட்டுந்தான். எனக்கும் பகல்லதான் இல்ல. நான் தாங்குறேன்ல. நான் நோன்பு வைக்கிறேன்னு நிய்யத்து வச்சுத் தாங்குறேன், அவன் யாருகிட்ட நிய்யத்து வச்சான். எத்தனை தரம் இதை ஓட்டிப் பாத்தாலும் இந்த எடத்துல வந்துதான் முட்டுது.

எனக்கும் நோன்பு வைக்கக் கூடாதுன்னுதான் சொன்னாங்க. என் டாக்டரு சொன்னாரு, மச்சான் சொன்னார், ஹஜ்ரத்து வீட்டுக்காரம்மா கூட, "நோயாளிக்குச் சலுகை இருக்குல்ல சபுரா, பின்னால ஏழைக்குச் சோறு குடுத்துக்க"ன்னாங்க. சலுகை. மச்சானோட அண்ணன் பொஞ்சாதி ஹசீனா இருக்காளே, நாலு புள்ளை பெத்தவ, போன வருஷம் நோன்பு திறக்க வந்தப்ப எல்லாருக்கும் முன்னால சிரிச்சுக்கிட்டே சொன்னா, "சபுராவுக்கு என்ன, புள்ளை குட்டி தொந்தரவா, முப்பது இல்ல அறுபதும் வைப்பா." எல்லாரும் சிரிச்சாங்க. கையில இருந்த சம்சாத் தட்டை அவ மூஞ்சியில வச்சுத் தேச்சிருக்கணும், அந்த மூக்குத்தி சதைக்குள்ள போற வரைக்கும் தேச்சிருக்கணும். சும்மா வந்துட்டேன், அந்தத் தேய்ப்பு இன்னும் என் கையிலயே இருக்கு. முப்பதும் வைக்கிறேன்டீ, ஒண்ணு விடாம வைக்கிறேன், எனக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான்னு அன்னிக்கே முடிவு பண்ணினேன். அப்படி ஆரம்பிச்ச நோன்பு. கோபத்துல வச்ச நோன்பு, படைச்சவன் அதை என்ன செய்வானோ. எனக்கு இந்தக் கை எங்கம்மாகிட்டேருந்து வந்தது. எங்கம்மா அடிச்சா கையில என்ன இருக்குன்னு பாக்க மாட்டா, இட்லித் தட்டுன்னா இட்லித் தட்டு, வெறகுன்னா வெறகு. எனக்கு எட்டு வயசுல மண்டையில மூணு தையல், வகிடு எடுக்கையில இன்னும் தட்டுப்படும். அடிச்சுட்டு அவளே அழுவா, அவளே மஞ்சத்தூள் வைப்பா. நான் என்ன செஞ்சேன், கல்யாணம் ஆன மொத வருஷம், ஏதோ ஒரு ஜாக்கெட்டு அளவு தப்பாச் சொல்லிட்டார்னு இரும்பு ஸ்கேலால மச்சான் வெரல் முட்டியில ஓங்கி அடிச்சேன். தோல் பிரிஞ்சு ரத்தம் வந்துச்சு. திருப்பி அடிப்பார்னு செவுத்தோரமா ஒதுங்கி நின்னேன். அவர் கையைப் பாத்தார், என்னைப் பாத்தார், கை கால் கழுவி ஒளு செஞ்சுட்டுப் பள்ளிக்குப் போயிட்டார். ரத்தத்தோட என்ன தொழுதாரோ. திரும்பி வந்து, "சாப்பிட்டியா"ன்னு கேட்டார். அந்த ஒரு வார்த்தைக்கு அவரைக் கொல்லலாம்னு இருந்துச்சு எனக்கு. அடிச்சவளுக்கு ஒரு அடி திருப்பிக் குடுத்தா கணக்கு தீந்துச்சு, ராத்திரி தூக்கம் வரும். குடுக்காம விட்டா அந்த ஓங்குன கை கீழ எறங்கவே எறங்காது.

ரெண்டே முக்கால். மச்சான் வர்றதுக்குள்ள நானே முடிச்சுட்டா என்ன. அவர் இருந்தா போன் இருக்கும், போன் இருந்தா டாக்டரம்மா மறுபடி அந்தக் கேள்வியைக் கேப்பா. நானே குடுத்து, அவன் பேண்டுட்டா, எல்லாம் போச்சு, நாளையிலேருந்து தண்ணி வச்சுருவேன், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். எண்ணெயையும் வெந்நீரையும் கலந்து சிரிஞ்சுல ஏத்தினேன். பீரோவுக்கு அடியில கையை விட்டேன். போன வாரம் மருந்து ஊத்தப் போனப்ப மணிக்கட்டுலேருந்து முழங்கை வரைக்கும் கிழிச்சு விட்டான், அந்தக் கோடு இன்னும் கருத்துக் கிடக்கு. வாடா, இன்னிக்கி நீயா நானான்னு துண்டைக் கையில சுத்திக்கிட்டு, பின்னங்கால் ரெண்டையும் பிடிச்சுத் தரதரன்னு இழுத்தேன். இழுத்துத் தரையில குப்புறப் போட்டு, முட்டியால அமுக்கி, இடது கையால பிடரியைப் பிடிச்சேன், வேணுங்கிறதை விடவும் இறுக்கித்தான் பிடிச்சேன், அவன் கத்தட்டும், கிழிக்கட்டும், கிழிச்சா நானும் ஒண்ணு போடலாம்னு எனக்குள்ள ஒருத்தி காத்துக்கிட்டு இருந்தா. அவன் கிழிக்கல. நகத்தை வெளிய எடுக்கவே இல்ல. தலையைத் தரையில வச்சுட்டு மூச்சு மட்டும் விட்டான். கண்ணு பாதி மூடிக் கிடந்துச்சு, குழிக்குள்ள போயிருந்துச்சு. சண்டை போடுடா நாயேன்னு உலுக்கினேன், துணிப்பை ஆடுற மாதிரி ஆடுனான். வால் பக்கம் சிரிஞ்சைக் கொண்டு போனேன். பிடரியைப் பிடிச்ச கையை விட்டுட்டு எடம் மாத்திப் பிடிக்கப் போகையில பாத்தேன், நான் பிடிச்ச தோல் பிடிச்ச மாதிரியே நிக்குது. எறங்கல. மடிப்பு வச்சுத் தேச்ச துணி நிக்கும்ல, அந்த மாதிரி நிக்குது. வெரலால நீவி விட்டேன், மெதுவா எறங்குச்சு. மறுபடி கிள்ளினேன், மறுபடி நின்னுச்சு. உதட்டைத் தூக்கிப் பாத்தேன். ஈறு வெளுத்து, ஒட்டுது, என் வெரல் ஒட்டுது. என் நாக்கு என் மேலண்ணத்துல எப்படி ஒட்டுதோ அப்படி ஒட்டுது. எனக்குத் தெரியும் இது எப்படி இருக்கும்னு, உலகத்துல வேற யாருக்குத் தெரியாட்டியும் எனக்குத் தெரியும், ஆறரை மணிக்கு முடிஞ்சுரும்னு எனக்குக் கடிகாரம் இருக்கு, அவனுக்கு மணி பாக்கத் தெரியாது. பதினேழு நாளா ஒவ்வொரு பகலும் இது இப்படியே இருக்கப் போகுதுன்னு நெனச்சுக்கிட்டுக் கிடந்திருக்கான். நான் ஒரு கொலைகாரின்னு வாய்விட்டுச் சொன்னேன், சத்தம் வரல, தொண்டை காஞ்சு காத்து மட்டும் வந்துச்சு. சிரிஞ்சு கையில இருக்கு. தள்ளிரலாம். மயங்கிப் போனா எனிமாவுல போச்சுன்னு ஆகும், என் மேல வராது, மச்சான் அழுவார், நானும் கூட உட்காந்து அழலாம். இதையும் நெனச்சேன், நெனைக்கலைன்னு சொன்னா அதுவும் பொய்யாப் போகும்.

கீழ வண்டிச் சத்தம். மச்சான் மாடிப்படி ஏறுறது தெரியுது, ரெண்டு ரெண்டு படியா. உள்ள வந்து சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டிட்டு, கையைக் கழுவிட்டு என் எதிர்ல சம்மணம் போட்டு உட்காந்தார். "தனியாவே பிடிச்சுட்டியா, கெட்டிக்காரிதான்"ன்னு சொல்லிக்கிட்டே ஜமீன் தலையை எடுத்துத் தன் தொடை மேல வச்சுக்கிட்டார். "என்னடா ஜமீன், இன்னிக்கி விட்டுரணும் சரியா, பெருநாளைக்குப் புதுச் சட்டை தச்சுத் தரச் சொல்றேன்." போனைப் போட்டு ஸ்பீக்கர்ல வச்சார். டாக்டரம்மா எடுத்தா. "எல்லாம் ரெடியா? துண்டுல சுத்திட்டீங்களா? சிரிஞ்சு முனையில எண்ணெய் தடவிக்கங்க. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு தடவை கேக்குறேன், தண்ணி நல்லா குடிச்சுட்டுத்தானே இருக்கு?" மச்சான், "அதெல்லாம் ஒரு கொறையும் இல்லம்மா, சாயங்காலம் வச்சா கிண்ணம் காலி"ன்னு சொல்லிட்டு எனக்குக் கண்ணைக் காட்டினார், ம், குடு. அவர் வெரல் அவன் காதுக்குப் பின்னால சொறிஞ்சு குடுத்துக்கிட்டு இருக்கு. அந்த வெரல் முட்டியில பழைய வெள்ளைத் தழும்பு. இல்லன்னு நான் சொன்னேன். சத்தம் வரல. எச்சி கூட்டிப் பாத்தேன், எச்சியே இல்ல. "இல்ல டாக்டர். குடிக்கல. பகல்ல தண்ணியே இல்ல அவனுக்கு." மச்சான் சிரிச்சார், "என்ன சொல்ற நீ." நான் போனைப் பாத்துத்தான் பேசினேன், அவரைப் பாக்கல. "நான் எடுத்து வச்சுருவேன் டாக்டர். காலையில இவர் போனதும் எடுத்துருவேன், சாயங்காலம் இவர் வர்ற நேரத்துக்குத்தான் வைப்பேன். அவன் குடிக்கிற சத்தம் எனக்கு ஆகல. நோன்புல." டாக்டரம்மா கேட்டா, "எத்தனை நாளா?" "மூணாம் நோன்புலேருந்து. இன்னியோட பதினேழு நாளு." "தோலைப் பிடிச்சு விட்டுப் பாருங்க." "பாத்தேன். நிக்குது." "எனிமாவைக் கீழ வைங்க. ஒரு சொட்டுக் குடுக்காதீங்க. இப்பவே கெளம்பி வாங்க, நான் டிரிப்ஸ் எடுத்து வைக்கிறேன். இப்பவே"ன்னா. பொழைக்குமான்னு மச்சான் கேட்டார். "வாங்க மொதல்ல"ன்னு வச்சுட்டா.

மச்சான் எந்திரிக்கல. அவன் தலையைப் பாத்துக்கிட்டே இருந்தார். காதுக்குப் பின்னால இருந்த வெரல் நின்னு போச்சு. இப்பன்னு நான் நெனச்சேன். இருபத்திரண்டு வருஷமா நான் எதிர்பாத்தது இப்ப வரும். கன்னத்துல வரட்டும், மண்டையில வரட்டும், அந்த மரஸ்கேலை எடுத்து முதுகுல போடட்டும், ரெண்டு இல்ல இருபது போடட்டும். "அடிங்க மச்சான்"னேன். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அடிச்சுருங்க"ன்னு நானே அவர் கையைப் பிடிச்சு என் கன்னத்துல வச்சேன். அவர் கையை இழுத்துக்கிட்டார். மெதுவாத்தான் சொன்னார், எப்பவும் பேசுற அதே குரல்ல. "எனக்கு அடிக்கத் தெரியாதுன்னு தெரிஞ்சுக்கிட்டுத்தானே கேக்குற." சொல்லிட்டு அவனைத் துண்டோட சேத்துத் தூக்கி நெஞ்சோட அணைச்சுக்கிட்டார், சட்டையைத் தோள்ல போட்டுக்கிட்டார். படிக்கிட்டப் போயி, திரும்பாமலே, "வண்டியில உட்காந்து பிடிச்சுக்க ஆள் வேணும். வா"ன்னார். புர்காவை மாட்டிக்கிட்டுப் பின்னாலயே எறங்கினேன். தெருவுல ஒரு காக்கா இல்ல, வெயில் கண்ணுல குத்துச்சு. ஒரு கையில ஜமீனை அணைச்சுக்கிட்டே மறு கையால வண்டியைத் திருப்பி நிறுத்தி, உட்காந்து, கிளப்பினார். நான் பின்னால ஏறினேன், சீட்டு தொடையைச் சுட்டுச்சு. ரெண்டு கையையும் முன்னால நீட்டினேன், குடுங்கன்னு. ஜமீனைக் குடுத்தாத்தான் அவர் ஹேண்டிலைப் பிடிக்க முடியும், வேற வழி கிடையாது, அது அவருக்கும் தெரியும். என் கையைப் பாத்தார். அந்த ரெண்டு கையையும் நல்லாப் பாத்தார். வண்டி உறுமிக்கிட்டே நின்னுச்சு. பெறகு குடுத்தார்.